மலையில் நின்ற எடை, சேலத்தில் அடிக்காத மணி: லாக், எரர் கண்காணிப்பைப் புதிதாக அமைப்பவர்களுக்கு

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட். டிசம்பர் மாதம், பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும் நேரம். பறிக்கிறவர்கள் மாலையில் மூட்டையைத் தராசில் வைப்பார்கள். அந்த எடை நாங்கள் பொருத்திய சிறு கருவி வழியாகச் சேலத்தில் உள்ள சர்வருக்கு வந்து சேரும். சனிக்கிழமைக் கூலிப் பட்டியல் அதை வைத்துத்தான் தயாராகும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஸ்டேட் ரைட்டர் (கணக்கு எழுதுபவர்) போன் செய்தார். "தம்பி, புதன்கிழமையிலருந்து யாருக்கும் எடையே ஏறலீங்க. லிஸ்ட்ல எல்லாருக்கும் சைபர்னு நிக்குது. நாளைக்குக் கூலி கொடுக்கணும், என்ன பண்றதுங்க?"

சர்வரைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எரர் லாக் காலியாக இருந்தது. கருவியின் திரையில் மூன்று நாளும் "அனுப்பியாச்சு" என்றுதான் வந்திருக்கிறது. நோண்டிப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. செவ்வாய் இரவு சர்வரில் ஒரு புலத்தின் (ஒரு விவரம் வந்து விழும் கட்டத்தின்) பெயரை மாற்றியிருந்தோம். பழைய பெயரோடு வந்த ஒவ்வொரு எடையையும் சர்வர் 400, அதாவது கோரிக்கை தவறு, என்று சொல்லித் திருப்பிவிட்டது. கருவியில் இருந்த கோடு (நிரல்) அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த எடைக்குப் போய்விட்டது. அந்தக் கோடு நான் எழுதியது. மேஸ்திரி தன் நோட்டில் பேர் பேராக எடையைக் குறித்து வைத்திருந்ததால் அந்த வாரக் கூலி தப்பித்தது.

எங்களிடம் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் நான் சொல்லித்தருவதை இங்கே எழுதுகிறேன். மூன்று நான்கு பேர் சேர்ந்து பில்லிங், ஸ்டாக், சம்பளக் கணக்கு என்று மென்பொருள் செய்து கொடுக்கும் சிறு குழுக்களை மனதில் வைத்து எழுதியது. நூறு சர்வர் வைத்திருக்கிறவர்களுக்கு இது போதாது.

முதலில் நான்கு சொற்களைப் பிரித்துக்கொள்ளலாம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மேட்டூர் அணையை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். செய்தித்தாளில் தினமும் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று மூன்று எண்கள் வருகின்றன. அதுதான் மெட்ரிக்: குறித்த இடைவெளியில் எடுக்கும் அளவு. முழு நீர்மட்டம் 120 அடி என்று தெரிந்தவனுக்கு "இன்று 112" என்ற ஒரு எண்ணே நிறையச் சொல்லும். நேற்று 109 என்றும் தெரிந்தால் இன்னும் நிறையச் சொல்லும். எந்த மதகு எத்தனை மணிக்கு, எவ்வளவு திறக்கப்பட்டது என்று வரிசையாகக் குறித்து வைப்பது லாக். ஒரு மதகில் பழுது என்றால் அந்தப் பழுதுக்கென்று ஒரு கோப்பு திறந்து, எப்போது முதலில் தெரிந்தது, எத்தனை முறை வந்தது, யார் சரிசெய்கிறார் என்று சேர்த்து வைப்பது எரர் டிராக்கிங். அணை நிரம்பி உபரிநீர் திறக்கும்போது காவிரிக் கரையோர மக்களுக்குச் சொல்லும் வெள்ள எச்சரிக்கை இருக்கிறதே, அது அலர்ட். அந்த எச்சரிக்கை ஏற்காட்டுக்காரருக்குப் போவதில்லை என்பதைக் கவனியுங்கள். எழுந்து நகர வேண்டியவருக்கு மட்டும் போகிறது.

கருவிக்கு முன்னால் ஒரு தாள்

கண்காணிப்பு என்றதும் பலரும் டாஷ்போர்டில், அதாவது வரைபடப் பலகையில், தொடங்குகிறார்கள். ஒரு வெள்ளைத் தாளில் தொடங்குங்கள்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசு வியாபாரிக்கு மென்பொருள் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி பட்டறைக்குப் போகும்போது ஒரு எடை, கொலுசாகத் திரும்பும்போது ஒரு எடை. நடுவில் டச் (வெள்ளியின் தரம்), சேதாரம், கூலி. இதில் ஒன்று தப்பினாலும் வியாபாரிக்கும் பட்டறைக்காரருக்கும் மனக்கசப்பு. ஆகவே தாளின் இடது பக்கத்தில் அவர் தொழிலில் எது நின்றால் வலிக்குமோ அதை எழுதுங்கள்: கொடுத்த எடை பதியவில்லை, வந்த எடை இரண்டு முறை பதிந்துவிட்டது, பில் அச்சாகவில்லை, இரவு பேக்கப் நடக்கவில்லை. ஆறு ஏழு வரிகளுக்கு மேல் வராது. வலது பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் எதிரே, "இது நடந்தால் நமக்கு எப்படித் தெரியும்?" என்று எழுதுங்கள்.

"அவர் போன் செய்வார்" என்று பதில் வரும் இடங்களைச் சிவப்பு மையில் சுழியுங்கள். அவைதான் உங்கள் வேலைப் பட்டியல். இந்தத் தாள் இல்லாமல் சிபியு, மெமரி என்று நாற்பது வரைபடம் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிபியு அமைதியாக இருக்கும்போதுதான் எங்கள் எஸ்டேட் எடைகள் மூன்று நாள் காணாமல் போயின.

படிக்கிறவருக்காக ஒரு வரி

லாக் வரியை எழுதுகிறவர் வேறு, படிக்கிறவர் வேறு. படிக்கிறவர் இரவு பதினோரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், உங்கள் கோடைப் பார்த்தே இராதவராக இருக்கலாம். அவருக்கு "எரர் வந்துவிட்டது" என்ற வரியாலோ, "இங்கே வந்தது 2" என்ற வரியாலோ ஒரு பயனும் இல்லை. அந்தப் புதன்கிழமை கருவி எழுதியிருக்க வேண்டிய வரி இது. நிஜத்தில் புலப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்:

2024-12-11 18:42:07 +05:30 | எரர் | எடை_அனுப்பு | எஸ்டேட்=07 | கருவி=03 | கோரிக்கை=8841 | பதில்=400 | காரணம்="புலம் இல்லை: நிகர_எடை" | முயற்சி=3 | நிலுவை=41

ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள். நேரத்தின் பின்னால் +05:30 இருக்கிறது. கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். விடியற்காலை 4 மணிக்கு இங்கே நடந்தது அங்கே முந்தைய நாள் இரவு 10:30 என்று பதியும். கருவி ஒரு நேரத்திலும் சர்வர் வேறு நேரத்திலும் எழுதினால், எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சேர்த்துப் பார்ப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். எந்த நேரத்தில் வேண்டுமானாலும் எழுதுங்கள். எந்த நேரம் என்பதை வரியிலேயே எழுதுங்கள்.

கோரிக்கை எண் 8841 கருவியில் பிறந்து, சர்வருக்குப் போய், டேட்டாபேஸ் வரைக்கும் கூடவே பயணம் செய்ய வேண்டும். மூன்று இடத்து லாக்கிலும் அந்த ஒரு எண்ணைத் தேடினால் முழுக் கதையும் கிடைக்கும். காரணத்தில் புலத்தின் பெயரே இருக்கிறது. படித்தவுடன் கை எங்கே போக வேண்டும் என்று தெரிகிறது. கடைசியில் இருக்கும் நிலுவைதான் எனக்குப் பிடித்தது. ஒரு எடை போகவில்லையா, நாற்பத்தொன்று போகவில்லையா என்பது தெரிந்தால் இப்போதே எழுவதா, காலையில் பார்ப்பதா என்று முடிவு செய்யலாம்.

கண்ணால் படிக்க இப்படிக் கோடு போட்டுப் பிரித்தால் போதும். கருவிகள் படித்துத் தேட வேண்டுமென்றால் இதே புலங்களை ஜேசன் வடிவில் (பெயரும் மதிப்புமாக இணைத்து எழுதும் முறை), ஒரு நிகழ்வுக்கு ஒரு வரியாக எழுதுங்கள். பெரும்பாலான நிரலாக்க மொழிகளில் இதற்கு நூலகம் உண்டு. பிரிண்ட் போட்டு வேலை பார்க்கும் பழக்கத்தை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். பிரிண்டுக்கு நிலை கிடையாது, நேரம் கிடையாது, அணைக்கவும் முடியாது.

நிலை என்றால் வரியின் அவசரம். யூனிக்ஸ் உலகின் சிஸ்லாக் என்ற லாக் முறையில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 தான் மிக மோசம். பைத்தானில் தலைகீழ்: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. பைத்தானில் புதியவர்கள் தவறாமல் மாட்டும் ஓர் இடம் உண்டு. ஒன்றும் அமைக்காவிட்டால் வார்னிங்கும் அதற்கு மேலும்தான் பதிவாகும். "இன்ஃபோ போட்டேன், ஒன்றுமே வரவில்லை அண்ணா" என்று ஒவ்வொரு ஆண்டும் ஒருவராவது வந்து நிற்பார். தொடக்கத்திலேயே நிலையை இன்ஃபோ என்று அமைத்துவிடுங்கள்.

எதற்கு எந்த நிலை என்பதில் எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். தொழிலில் ஒரு காரியம் முடிந்தால் இன்ஃபோ: எடை ஏறியது, பில் போட்டது. ஏதோ இடறியது, ஆனால் மென்பொருள் தானே சமாளித்துவிட்டது என்றால் வார்னிங்: மூன்றாம் முயற்சியில் போய்ச் சேர்ந்தது. ஒருவருடைய வேலை நடக்கவில்லை என்றால் எரர். யாருடைய வேலையும் நடக்காது என்றால் கிரிட்டிக்கல். வாடிக்கையாளர் பாஸ்வேர்டைத் தவறாக அடித்தால் அது எரர் இல்லை. மனிதர்கள் தவறாக அடிப்பார்கள், மென்பொருள் சரியாகத்தான் மறுத்தது. இதை எரரில் போட்டால் பத்தே நாளில் யாரும் எரர் பக்கத்தைத் திறக்க மாட்டார்கள்.

இப்போது எங்களைக் கவிழ்த்த விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸெப்ஷனை (ஓடும்போது எழும் பிழையை)ப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடும் கோடு எங்கே இருந்தாலும் அது ஒரு நாள் யாரையாவது அழவைக்கும். உங்கள் புராஜெக்ட் முழுவதும் இன்றே தேடுங்கள். சமாளிக்கத் தெரிந்த பிழையை மட்டும் பிடியுங்கள். மற்றதை லாக்கில் எழுதிவிட்டு மேலே அனுப்புங்கள். பைத்தானில் லாகரின் எக்ஸெப்ஷன் என்ற அழைப்பை அந்த இடத்தில் போட்டால், எந்தக் கோப்பு, எந்த வரி, யார் யாரை அழைத்தது என்ற ஸ்டாக் ட்ரேஸ் முழுவதும் தானாகச் சேர்ந்து வரும். ஜாவாவில் பிழையின் செய்தியை மட்டும் எழுதாமல் பிழையையே லாகரிடம் கொடுக்க வேண்டும். ஒன்று கவனம்: நான்கு அடுக்கிலும் பிடித்துப் பிடித்து எழுதினால் ஒரே பிழை நான்காகத் தெரியும். எழுதும் இடம் ஒன்றாக இருக்கட்டும்.

லாக்கில் எழுதக் கூடாதவை

பாஸ்வேர்டு, ஓடிபி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஏபிஐ சாவி (மற்ற சேவைகளை அழைக்க உதவும் ரகசியக் குறி). இவை எந்த நிலையிலும் லாக்கில் வரக் கூடாது. "நாங்கள் ஏன் பாஸ்வேர்டை எழுதப் போகிறோம்" என்று தோன்றும். வந்த கோரிக்கையை அப்படியே முழுவதும் பதிவு செய்யும் ஒரு வரி போதும், அதற்குள் எல்லாம் இருக்கும். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது. காரணம், உள்ளே ஒரு லாக்கில் பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் பதிவாகிக்கொண்டிருந்ததை அவர்களே கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பெரிய குழுவுக்கே நேர்ந்தது.

ஆகவே மறைக்கும் வேலையை ஆளுக்கு ஆள் நினைவில் வைத்துச் செய்ய விடாதீர்கள். லாகரில் ஒரே ஒரு வடிகட்டி எழுதி, குறிப்பிட்ட புலப் பெயர்கள் வந்தால் மதிப்பை நட்சத்திரமாக மாற்றச் சொல்லுங்கள். போன் எண் வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் போதும். பறிக்கிறவரின் பெயருக்குப் பதில் அவருடைய வரிசை எண்ணை எழுதுங்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது.

வெளியிலிருந்து வரும் எழுத்தை லாக் நூலகம் கண்மூடித்தனமாகக் கையாண்டால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் வெளிவந்த, லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லாக் நூலகத்தின் ஓட்டை உலகத்துக்கே காட்டியது. லாக் நூலகத்தையும் மற்றவற்றைப் போலப் புதுப்பித்து வையுங்கள்.

எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது

ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் எடைமேடை மென்பொருள் எங்கள் கையில் இருந்தது. மரவள்ளிக் கிழங்கு லாரி வந்தால் எடை போட்டு, மாவுச்சத்து பாயிண்ட் பார்த்து, சீட்டு கொடுக்கும். ஒரு பிரச்சினையை ஆராய டீபக் நிலையைத் திறந்துவிட்டு, வேலை முடிந்தபின் மூட மறந்துவிட்டோம். இருபது நாளில் லாக் வட்டை நிரப்பிவிட்டது. வட்டு நிரம்பியதும் டேட்டாபேஸால் எழுத முடியவில்லை, சீட்டு வரவில்லை. வெளியே லாரிகள் வரிசைகட்டி நின்றன. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும் என்பதால் விவசாயிகளின் கோபத்தில் நியாயம் இருந்தது. கண்காணிக்க வைத்த பொருளே மென்பொருளை நிறுத்திய சம்பவம் அது.

இதைத் தடுக்கும் வழி எளிது. லினக்ஸில் லாக்ரொட்டேட் என்ற கருவி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். தினமும் சுழற்று, இத்தனை நாள் வைத்திரு, பழையதைச் சுருக்கு என்று மூன்று வரி எழுதினால் முடிந்தது. சிஸ்டம்டி ஜர்னலில் (லினக்ஸின் சொந்த லாக் சேமிப்பு) எழுதுகிறீர்கள் என்றால், அதிகபட்ச இடத்துக்கு ஓர் அமைப்பு இருக்கிறது, அதை நிரப்புங்கள். மென்பொருளைத் தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அதன் வழக்கமான ஜேசன் கோப்பு முறையில் நீங்கள் வரம்பு சொல்லாவிட்டால் வரம்பே கிடையாது, வளர்ந்துகொண்டே போகும்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு வரி 300 பைட், நொடிக்குப் பத்து வரி என்றால் நாளுக்குச் சுமார் 26 கோடி பைட், அதாவது 260 எம்பி. 180 நாளுக்கு 47 ஜிபி அளவுக்கு வரும். ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருவதால் லாக் நன்றாகச் சுருங்கும். பத்தில் ஒரு பங்காக ஆவது சாதாரணம்.

180 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவில், கணினி அமைப்புகளின் லாக்குகளைத் தொடர்ந்து 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்று இருக்கிறது. கடிகாரங்களை நேரச் சர்வருடன் ஒத்துவைத்திருக்க வேண்டும் என்பதும், குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. ஆறு மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டுமென்றால் முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சர்வரிலேயே மட்டும் லாக்கை வைக்காதீர்கள். சர்வர் போனால் அது ஏன் போனது என்று சொல்லும் லாக்கும் கூடவே போய்விடும். குறைந்தது இரவுக்கு ஒரு முறையாவது வேறு இடத்துக்கு நகல் போகட்டும்.

எரர்களுக்குத் தனி வீடு

லாக் கோப்பில் ஒரே பிழை நானூறு முறை வந்திருந்தால் நானூறு வரி இருக்கும். எரர் டிராக்கர் அதையே "ஒரு பிரச்சினை, 400 முறை, 12 பேருக்கு, முதலில் வந்தது செவ்வாய் இரவு 9:20, பதிப்பு 2.4.1க்குப் பிறகு" என்று ஒரே அட்டையாகக் காட்டும். புதியவர்கள் ஒரே ஒரு கருவிதான் அமைக்க முடியும் என்றால் இதை அமைக்கச் சொல்வேன். சென்ட்ரி பலருக்கும் தெரிந்தது. 2008இல் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்புக்கான ஒரு சிறு துணைநிரலாகத் தொடங்கியது. சொந்தச் சர்வரில் இலேசாக ஓட வேண்டுமென்றால் கிளிட்ச்டிப் இருக்கிறது. சென்ட்ரியின் நூலகங்களையே வைத்து வேலை செய்யும்.

அமைக்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான். ஒரு புராஜெக்ட் திறந்தால் டிஎஸ்என் என்ற முகவரி கிடைக்கும். அதைக் கோடுக்குள் எழுதாமல் என்விரான்மென்ட் மாறியாக (கோடுக்கு வெளியே சர்வரில் வைக்கும் மதிப்பாக) வையுங்கள். மென்பொருள் தொடங்கும் முதல் இடத்தில் நூலகத்தைத் தொடக்கும் வரியைப் போடுங்கள். கூடவே இரண்டு விவரம் கட்டாயம்: இது நிஜச் சர்வரா, சோதனைச் சர்வரா என்பது ஒன்று, பதிப்பு எண் இன்னொன்று. பதிப்பு எண் இருந்தால் "நேற்று வரை இல்லாதது இன்று ஏன் வருகிறது" என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அதன்பிறகு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கிளப்பி, அது அட்டையாக வந்து நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள். டிஎஸ்என் விடுபட்டிருந்தாலும் உங்கள் மென்பொருள் ஒன்றும் சொல்லாமல் ஓடும்.

இணையப் பக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் சோர்ஸ் மேப்பையும் (சுருக்கிய கோடை மூலக் கோடோடு பொருத்திக் காட்டும் கோப்பு) ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிழை "முதல் வரி, 48,210ஆம் எழுத்து" என்று வந்து நிற்கும்.

லாக்குகளை ஒரே இடத்தில் திரட்டித் தேடும் ஏற்பாடும் உண்டு. ஒன்றிரண்டு சர்வர் மட்டும் வைத்திருந்தால் அது அவசியம் இல்லை என்பது என் கருத்து. ஜர்னலைப் படிக்கும் ஜர்னல்சிடிஎல்லும் சொல் தேடும் கிரெப்பும் நன்றாகப் பழகினால் போதும். மூன்றுக்கு மேல் போகும்போது வரைபடம் காட்டும் கிராஃபானாவுடன் லாக் திரட்டும் லோக்கியைச் சேர்த்துப் பாருங்கள். லோக்கியில் லேபிளாக எஸ்டேட் எண், சர்வர் பெயர் போன்ற சில மதிப்புகள் மட்டுமே வரும் புலங்களை வையுங்கள். கோரிக்கை எண்ணை லேபிளாக்கினால் எண்ணற்ற சிறு ஓடைகளாகப் பிரிந்து கருவி திணறிவிடும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் கருவி வலிமையானதுதான், ஆனால் அதற்கு மெமரி நிறைய வேண்டும், கவனிக்க ஒரு ஆளும் வேண்டும்.

யாரை, எப்போது எழுப்புவது

அலர்ட்டை இரண்டே வகையாகப் பிரியுங்கள். ஒன்று, ஒருவர் இப்போதே எழுந்து ஏதாவது செய்தாக வேண்டும். இன்னொன்று, காலையில் வந்து பார்த்தால் போதும். முதல் வகை போனை அடிக்க வைக்கட்டும். இரண்டாம் வகை ஒரு தனிக் குழுவில் செய்தியாக விழட்டும். செய்வதற்கு ஒன்றும் இல்லாத அலர்ட்டை அழித்துவிடுங்கள். வாரத்தில் பத்து வெற்று மணி அடித்தால் பதினோராவது மணியை யாரும் எடுக்க மாட்டார்கள், அதுதான் நிஜமானதாக இருக்கும்.

சிறு குழுவுக்கு டெலிகிராம் வசதியானது. அதிலுள்ள பாட்ஃபாதரிடம் ஒரு பாட் (தானியங்கிக் கணக்கு) உருவாக்கி, டோக்கன் வாங்கி, குழுவில் சேர்த்தால் ஒரு இணைய அழைப்பில் செய்தி போகும். அந்த டோக்கனும் ஒரு சாவிதான், கோடில் எழுதாதீர்கள். செய்தியின் உள்ளடக்கத்துக்கு நேரம் செலவிடுங்கள். எங்களுடையது இப்படி வரும்:

"எஸ்டேட் 07, கருவி 03: எடை போய்ச் சேரவில்லை. தொடக்கம் மாலை 6:42. நிலுவை 41. சர்வர் பதில் 400. கடைசி வெளியீடு பதிப்பு 2.4.1, நேற்று இரவு 9:15. முதலில் செய்ய வேண்டியது: பழைய பதிப்புக்குத் திரும்பவும். எடைகள் கருவியில் பத்திரமாக உள்ளன. தாமாக மறுபடி வரும்."

சேர்ந்து ஒரு மாதமே ஆன ஒருவர் இதை வைத்து வேலையைத் தொடங்கிவிட முடியும். கடைசி வாக்கியம் அவருக்குப் பதற்றத்தைக் குறைக்கும். பதற்றத்தில் செய்யும் காரியங்கள்தான் சிறு கோளாறைப் பெரிதாக்குகின்றன.

வரம்பு வைக்கும்போது காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எரர் வந்தால் மணியடி" என்றால் தாங்காது. "ஐந்து நிமிடமாகத் தொடர்ந்து நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தோல்வி" என்றால் பொருள் இருக்கிறது. ஆனால் நம்மைப் போன்ற சிறிய மென்பொருளுக்குச் சதவீதம் மட்டும் போதாது. விடியற்காலை மூன்று மணிக்கு வந்த இரண்டு கோரிக்கையில் ஒன்று தவறினால் ஐம்பது சதவீதம். அதனால் "குறைந்தது பத்துத் தோல்வி" என்று எண்ணிக்கையையும் சேருங்கள்.

இனி, அமைதி. ஓடாத வேலை எரர் எழுதாது. பேக்கப் ஸ்கிரிப்ட் தொடங்கவே இல்லை என்றால் லாக்கில் ஒரு வரியும் இருக்காது. எல்லாம் நலம் போலத் தோன்றும். இதற்குத் தலைகீழாக யோசிக்க வேண்டும். வேலை முடிந்ததும் "முடித்துவிட்டேன்" என்று வெளியே ஓரிடத்துக்குச் சொல்லட்டும். குறித்த நேரத்துக்குள் அந்தச் சொல் வராவிட்டால் மணி அடிக்கட்டும். ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் இதற்கென்றே இருக்கின்றன. நாமே நிறுவிக்கொள்ளும் அப்டைம் கூமா என்ற கருவியிலும் செய்யலாம். அதைக் கண்காணிக்கப்படும் அதே சர்வரில் நிறுவாதீர்கள். இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

எஸ்டேட் கருவிகள் பத்து நிமிடத்துக்கு ஒரு துடிப்பு அனுப்புகின்றன. வெறும் "உயிரோடு இருக்கிறேன்" என்பதோடு, நிலுவை எத்தனை, கருவியின் நேரம் என்ன, வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதும் அதில் வரும். முதலில் ஒரு துடிப்பு தவறினாலே மணியடிக்க வைத்திருந்தோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மலையில் மரம் சாய்ந்து மின்சாரம் போகும், சிக்னல் போகும், இரவெல்லாம் மணிதான். இப்போது பகலில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து வராவிட்டால்தான் செய்தி, தராசு ஓடும் மாலை நான்கு முதல் ஏழு வரை மட்டும் அரை மணி. சிக்னல் இல்லாதபோது எடைகள் கருவியிலேயே சேமிக்கப்படும். சர்வர் "பெற்றுக்கொண்டேன்" என்று சொன்னபிறகே அழியும். திரையில் "அனுப்பியாச்சு" என்ற சொல்லும் அதற்குப் பிறகுதான் வருகிறது.

பறிப்புக்கு முன் ஒத்திகை

அமைத்த அலர்ட் அடிக்குமா என்பதை உடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். சோதனைச் சர்வரில் டேட்டாபேஸை நிறுத்துங்கள். ஒரு பெரிய போலிக் கோப்பை உருவாக்கி வட்டை நிரப்புங்கள். பேக்கப்பின் நேர அட்டவணையை ஒரு நாள் அணைத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மணி அடித்ததா, எத்தனை நிமிடத்தில், செய்தியைப் படித்தவருக்கு என்ன செய்வதென்று புரிந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஒத்திகையில் எங்களுக்கு ஐந்தில் இரண்டு அடிக்கவில்லை. ஒன்றில் டெலிகிராம் குழுவின் எண் மாறியிருந்தது.

ஆண்டுதோறும் அக்டோபரில், நவம்பர்ப் பறிப்பு தொடங்குவதற்கு முன்னால், புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போவோம். ரைட்டரே அவர் கையால் கருவியிலிருந்து சிம்மைக் கழற்றுவார். ஒரு மூட்டை மணலை இருபது தடவை தராசில் வைத்து எடுப்போம். நிலுவை இருபது என்று திரையில் ஏறும். சரியாக அரை மணியில் சேலம் அலுவலகத்தில் இருக்கும் பிள்ளை போன் செய்ய வேண்டும், நாங்கள் முதலில் கூப்பிடக் கூடாது என்பது ஏற்பாடு.

போன வருடம் போன் வருவதற்குள் ரைட்டர் காப்பி போட்டுக் கொண்டுவந்துவிட்டார். முப்பத்திரண்டாம் நிமிடம் போன் அடித்தது. "அண்ணா, ஏழாம் நம்பர் எஸ்டேட்டிலிருந்து துடிப்பு வரலை. சிம்மைப் பாக்கச் சொல்லுங்க."

சிம்மைத் திரும்பப் போட்டார். இருபதும் ஒவ்வொன்றாக இறங்கிச் சைபருக்கு வந்தது. ரைட்டர் தன் நோட்டைத் திறந்து, இருபது எடையையும் சேலத்திலிருந்து வாசிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட்டுக்கொண்டார்.